நோயாளி மானிட்டரிலிருந்து கணினிக்கு வரும் தரவு ஏன் குப்பை எழுத்தாகத் தெரிகிறது?
சீரியல் இணைப்பு என்றால், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் மானிட்டர் ஒரே கம்பியில் பிட் பிட்டாக (அதாவது 0, 1 என) வரிசையில் அனுப்புவது. இதில் ஒவ்வொரு பிட்டும் எப்போது வருகிறது என்று நேரம் சொல்லத் தனிக் கம்பி கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். 9600 வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட் என்றால், ஒரு பிட் சுமார் 104 மைக்ரோ செகண்ட் நிற்கும். கணினி 19200-இல் கேட்டால் அதே பிட்டை இரண்டாகப் படித்துவிடும். கோலாட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இருவர் வேறு வேறு வேகத்தில் அடித்தால் கோல் எங்கே சேரும்?

ஆக, குப்பை எழுத்து வந்தால் முதலில் வேகத்தையும் பாரிட்டியையும் (பிழையைக் கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்டின் அமைப்பு) பாருங்கள்.

எதுவுமே வராவிட்டால் கதை வேறு. மதுரையில் ஒரு மருத்துவமனையில் அரை நாள் சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் பார்த்தால், அனுப்பவும் வாங்கவும் உள்ள 2, 3 முள்கள் குறுக்காக மாறவேண்டிய இடத்தில் நேர் கேபிள் போட்டிருந்தார்கள். இதைச் சோதிப்பது எளிது: கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, கணினிப் பக்கத்து 9 முள் போர்ட்டில் 2-ஐயும் 3-ஐயும் சின்னக் கம்பியால் சேர்த்து, டெர்மினலில் (போர்ட்டுக்கு எழுத்தை அனுப்பி, வருவதைக் காட்டும் நிரல்) எழுத்தைத் தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் கணினிப் பக்கம் சரி. அப்புறம் கேபிளைப் பாருங்கள். நோயாளிக்கு மாட்டியிருக்கும் கருவியில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

கணினியில் குப்பை வந்தால் மானிட்டரே தப்பாக அளக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அளப்பது வேறு, அனுப்புவது வேறு, கணினி இணைப்பு அறுந்தாலும் மானிட்டர் திரையில் அளவு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.