அரை நாளில் ஆர்போரேட்டம் முழுவதையும் பார்த்துவிடலாமா?

பல்கலைக்கழக ஆர்போரேட்டத்தில் (பலவகை மரங்களைச் சேகரித்து வளர்க்கும் தோட்டம்) ரோஜா, மூலிகை, வாசனை, பாறை என்று ஏழெட்டுத் தனித் தோட்டங்கள் இருக்கின்றன, அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கையில் மேப், பின்னால் ஓட்டமும் நடையுமாக மகள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் டிக் அடித்துக்கொண்டே போனேன். நீங்களும் அந்த ரகம்தான் என்று கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, கோபிக்காதீர்கள். வாசனைத் தோட்டத்தில் பிரெயில் பலகை வைத்து, இலைகளைத் தொட்டு மோந்து பார்க்கலாம் என்றே எழுதியிருந்தார்கள். எங்களுக்கு ஏது நேரம்!

அப்போது இலையுதிர் காலத்தின் கடைசி. ஊசியிலை மரங்கள் இருந்த பகுதியில் நெட்டையாக ஒரு மரம், உடம்பில் ஓர் இலை இல்லை. அடியில் செம்பு நிறத்தில் மெத்தை போட்ட மாதிரி சருகு. கத்தரியோடு நின்ற தோட்டக்காரரிடம், "பைன் வகையெல்லாம் எப்போதும் பச்சையாகத்தானே இருக்கும்? இது பட்டுப்போச்சே, இன்னும் வெட்டலையா?" என்று கேட்டுவிட்டேன். (அந்த மரத்தின் பெயர் மெட்டாசெக்கோயா, அது பைன் இல்லை, சைப்ரஸ் குடும்பம் என்று திருத்த வருபவர்களுக்கு: இப்போது தெரியும். அன்று தெரியாது.)

மனிதர் சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு சிறு கிளையை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் இலைகள் நேருக்கு நேர் ஜோடியாக நின்றன, இறகு மாதிரி. பக்கத்தில் நின்ற சதுப்பு சைப்ரஸில் அவை மாறி மாறி இருக்கும், இரண்டுமே குளிருக்கு இலைகளைச் சிறு கிளையோடு சேர்த்தே உதிர்க்கும் என்றார். 1941இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகேரு மிகி புதைபடிவங்களை வைத்து இந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது, அது அழிந்துபோனதாகவே நினைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே சீனாவில் உயிரோடு அகப்பட்டது. 1948இல் விதைகள் ஹார்வர்டின் ஆர்னால்ட் ஆர்போரேட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பல நாடுகளுக்குப் போயின. மரத்தில் தொங்கிய சின்ன உலோகத் தகட்டைத் திருப்பிக் காட்டினார். எண்ணோடு 1949 என்று இருந்தது. அந்த மரம் தோட்டத்துக்கு வந்த ஆண்டு. அதுவரை அந்தத் தகடுகளை ஏதோ மின்கம்பத்து நம்பர் மாதிரி நினைத்திருந்தேன்.

சரி, நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் இருபது இலை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆர்போரேட்டத்தில் எதையும் பறிக்கக் கூடாது. அதனால், தோட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு, உதிர்ந்ததை மட்டும் பொறுக்கி, பெயரும் எழுதி ஒட்டினாள் என் மகள். "இலைகள் பசுமையாக இல்லை" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் செடியைப் பிய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் என்றால் எனக்கு எரியத்தான் செய்யும்.

வசந்தத்தில் மறுபடி போனோம், அந்த ஒரு மரத்துக்காக. இளம்பச்சையில் கிளைகூடத் தெரியாமல் நின்றது. அப்புறம் வாசனைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம். மற்ற தோட்டங்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மேப்பில் டிக் இருக்கிறது, அவ்வளவுதான்.