வாரண்டி முடிந்தது, ஏசி பழுது முடியவில்லை: 41,500 ரூபாயை நான் கொடுக்கவேண்டுமா?

கேள்வி: 2022 ஜூனில் 8.6 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. 2024 ஏப்ரலில் ஏசி குளிரவில்லை என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அதே கதை, மறுபடி கேஸ். இரண்டு முறையும் காசு வாங்கவில்லை. 2025 ஜூனில் வாரண்டி முடிந்தது. நவம்பரில் 3,200 ரூபாய் கொடுத்து மூன்றாவது முறை கேஸ் போட்டேன். இப்போது மறுபடியும் அனல்தான் அடிக்கிறது. கூலிங் காயில், கண்டன்சர், கம்ப்ரசர் மூன்றையும் மாற்றவேண்டும், 41,500 ரூபாய் ஆகும், வாரண்டி இல்லை என்கிறார்கள். 1.5 லட்சம் எஃப்டி இருக்கிறது. கார் கடன் இன்னும் இரண்டு வருடம் ஓடும். எஃப்டியை உடைக்கவா, கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போடவா, காரையே விற்றுவிடவா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். எஃப்டி ரசீதைத் தேடுவதற்கு முன், 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் கொடுத்த ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதித் தரும் சர்வீஸ் சீட்டுகளைத் தேடுங்கள். உங்கள் விஷயத்தில் பணமதிப்புள்ள காகிதம் அவைதான்.

ஏன் என்று சொல்கிறேன். கார் ஏசி என்பது மூடிய அமைப்பு. உள்ளே இருக்கும் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓடஓடத் தீர்கிற பொருள் இல்லை. பல வருடத்தில் கொஞ்சம் குறையலாம். எட்டு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை காலியாகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் குடத்தில் மூன்று முறை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், ஓட்டையைத் தேடவில்லை. ஆக, பழுது வாரண்டிக்குப் பிறகு வந்ததல்ல. வாரண்டிக்குள் வந்தது, சரிசெய்யப்படாமல் இன்று வரை தொடர்கிறது. ‘வாரண்டி முடிந்துவிட்டது சார்’ என்பது புதுப் பழுதுக்குப் பதில். உங்கள் பழுதுக்கு அல்ல.

ஜாப் கார்டை எடுத்ததும் ‘வாடிக்கையாளர் புகார்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஏசி கூலிங் குறைவு’ என்று இருந்தால் நிம்மதி. பல இடங்களில் நாம் வாயால் சொன்னதை எழுதாமல் ‘ஜெனரல் செக்கப்’ என்று போட்டுவிடுவார்கள். அப்படி இருந்தாலும் ‘கேஸ் சார்ஜிங்’ என்ற வரி காசில்லா பில்லில் இருக்கும். காகிதம் தொலைந்துவிட்டதா? வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, முழு சர்வீஸ் வரலாற்றையும் தரச்சொல்லி சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்காதீர்கள். சண்டையைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அதற்கப்புறம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்து, அந்த எஸ்டிமேட். மூன்று பாகத்தையும் மொத்தமாக மாற்றச் சொல்வதிலேயே எனக்குச் சந்தேகம். எது ஒழுகுகிறது என்று கண்டுபிடித்திருந்தால் ஒரு பாகத்தின் பெயரைத்தானே சொல்லியிருப்பார்கள்? நைட்ரஜன் அடைத்து அழுத்தமானியில் முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். கேஸோடு சாயம் கலந்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் எங்கே கசிந்திருக்கிறது என்று தேடலாம். ஊரில் கார் ஏசி வேலை மட்டுமே செய்யும் நல்ல மெக்கானிக் இருப்பார். அவரிடம் இந்தச் சோதனைக்கு மட்டும் காசு கொடுத்து, முடிவை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாரண்டிதான் முடிந்துவிட்டதே, வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் இனி இல்லை. ஆனால் எதையும் கழற்றி மாற்ற விடாதீர்கள்; மாற்றிவிட்டால் ‘வெளியாள் கை வைத்துவிட்டார்’ என்று கம்பெனி தப்பித்துவிடும்.

இந்த இரண்டும் கையில் வந்ததும் கார் தயாரிப்பு நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு எழுதுங்கள், டீலருக்கும் ஒரு நகல். நான்கு தேதி, ஒவ்வொரு தேதியிலும் கிலோமீட்டர், என்ன செய்தார்கள், இப்போது சோதனை என்ன சொல்கிறது, அவ்வளவுதான். கோபத்தைக் கொட்ட வேண்டாம். கேட்பது: ஒழுகும் பாகத்தை இலவசமாக மாற்றித் தரவேண்டும், 3,200 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும், 15 நாளில் பதில். வாரண்டி முடிந்த பிறகும் ‘குட்வில்’ என்ற பெயரில் பாகத்தின் விலையை முழுதாகவோ பாதியாகவோ நிறுவனம் ஏற்பது உண்டு. சர்வீஸ் அட்வைசர் தானாகச் சொல்லமாட்டார். பாகம் இலவசம், கூலி மட்டும் நீங்கள் என்று வந்தால், நானாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலி சில ஆயிரம் ஆகலாம், அதற்காக வழக்கு நடத்துவது வீண்.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள், செலவில்லை. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே போடலாம், கம்பெனி தலைமையகம் எங்கிருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம். எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் கோடை போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மட்டும்: புதுக் கார் கேட்காதீர்கள். அதற்குத் தயாரிப்புக் குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்கவேண்டும், சரிசெய்யக்கூடிய பழுதுக்கு அது கிடைப்பது அரிது. பழுதுச் செலவையும் அலைச்சலுக்கு ஒரு தொகையையும் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது யோசனை சொல்வார்கள். தேய்மானமும் இயந்திரப் பழுதும் மோட்டார் பாலிசியில் வராது.

சரி, பணத்துக்கு வருவோம். வெயில் தாங்கவில்லை, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், காத்திருக்க முடியாது என்றால் எழுதிக் கேட்டபின் செலவு செய்து பிறகு வசூலிக்கப் பாருங்கள். அப்போதும் எஃப்டியை உடைக்கவேண்டாம், அதன் மேல் கடன் வாங்குங்கள். வட்டி பொதுவாக எஃப்டி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவிகிதம்தான் கூடுதல். 40,000 ரூபாய்க்கு 9% என்றால் ஆறு மாதத்துக்கு 1,800 ரூபாய். கார்டில் இஎம்ஐ கூடப் போடாமல் பாக்கியை அப்படியே விட்டு, மாதம் 3.5% வட்டி ஓடினால் ஒரே மாதத்தில் 1,400.

விற்பது? வாங்க வருபவர் முதலில் திருப்பும் பொத்தானே ஏசிதான். 41,500-க்குப் பதில் 70,000 குறைத்துக் கேட்பார். 9 லட்சத்தில் புதுக் கார் எடுத்தால் தமிழ்நாட்டில் 13% சாலை வரியே 1.17 லட்சம். அந்த வரியில் இப்போது கேட்கும் எஸ்டிமேட்டை இரண்டு முறை கட்டி, மீதியில் தீபாவளி கொண்டாடலாம்.

யார் காசில் மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், டிக்கியில் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். புதுப் பாகத்துக்குத் தனியாக எத்தனை மாத வாரண்டி என்பதை பில்லில் எழுதச்சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.