எட்டு நாளில் எடுத்த ஹெர்பிஸ் ஐஜிஎம் டெஸ்ட்: நம்பலாமா?

தம்பி, ஆணுறை இல்லாத உறவு முடிந்து எட்டு நாள், புண் இல்லை, காட்பாடி லேபில் ஹெர்பிஸ் ஐஜிஎம் நெகட்டிவ், நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கீங்க. அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. ஹெர்பிஸ் என்பது உறவில் பரவி, பிறப்புறுப்பில் கொப்புளம், புண் உண்டாக்கும் வைரஸ்; ஐஜிஎம் என்பது உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடும் டெஸ்ட். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் நம்பகமான டெஸ்டே இல்லை.

அறிகுறி வந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். சின்னக் கொப்புளம், எரிச்சல் தெரிந்தால் காய விடாமல் அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்க. புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்தான் சரியாகச் சொல்லும். கூச்சப்படாதீங்க, அவங்க தினமும் பார்க்கிற நோய்தான்.

ஒன்றுமே வரவில்லையா? 12 வாரம் கழித்து, ஹெர்பிஸ் 1-ஆ 2-ஆ என்று வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி (நீடித்து நிற்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்த டெஸ்ட்) எடுக்கலாம். அதிலும் லேசான பாசிட்டிவ் தப்பாக இருக்க வாய்ப்புண்டு, மறுபடி உறுதிசெய்யணும்.

எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்டையும் மறந்துடாதீங்க. நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசம், ரகசியம். டெஸ்டெல்லாம் முடியும்வரை மனைவியிடம் உறவு வேண்டாம்.