அந்த ஸ்பேனரை எடைக்குப் போட வேண்டாம்

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் மூடிப்போன ரைஸ்மில்லில் கிடைத்த ஸ்பேனரில் '1/2 டபிள்யூ' என்று இருக்கிறது, வாயை அளந்தால் 23 மில்லிமீட்டர் தாண்டுகிறது, போலியா என்று கேட்டிருந்தீர்கள். போலி இல்லை. அது விட்வொர்த் அளவு, 1841-இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் போல்ட் மரைகளுக்கு முன்வைத்த முறை. எண் குறிப்பது போல்ட்டின் விட்டத்தை, ஸ்பேனர் வாயை அல்ல. அரை அங்குல போல்ட்டின் தலை 0.92 அங்குலம், அதாவது 23.4 மில்லிமீட்டர். ரஸ்டன், லிஸ்டர் மாதிரி பழைய ஆயில் எஞ்சின்களுக்கு இதுதான் தேவைப்படும்.

விலை? சாதாரண இருமுனை ஸ்பேனருக்குப் பெரிதாக வராது. ஆனால் அதே பெட்டியில் இருப்பதாகச் சொன்ன 'கிங் டிக்' பிராண்ட் திருகு ஸ்பேனர் (திருகினால் வாய் விரிந்து சுருங்கும்) இங்கிலாந்தின் பர்மிங்காம் சரக்கு, தேடி வாங்க ஆள் உண்டு. எஞ்சின் கம்பெனி பெயர் பொறித்த கோணல் ஸ்பேனர் இருந்தால் அதைத்தான் முதலில் ஒதுக்கி வைப்பேன். எஞ்சினைப் புதுப்பிப்பவருக்கு அது பொன்.

துருவுக்கு கிரைண்டர் வேண்டாம். நான் ஒருமுறை தேய்த்துப் பெயரையே அழித்துவிட்டேன், இன்றும் வயிறு எரிகிறது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, எண்ணெய் தடவி வையுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். அப்புறம் எழுத்து தெரிகிற மாதிரி படம் போடுங்கள், பார்க்கிறேன்.