எத்தனை, எவ்வளவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் "மெனி இன்ஃபர்மேஷன்ஸ் அபௌட் தி எக்விப்மென்ட்ஸ் வேர் சென்ட். ப்ளீஸ் செக் தெம்" என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி இன்ஃபர்மேஷன்ஸ், எக்விப்மென்ட்ஸ் இரண்டையும் வட்டமிட்டு, 'அன்கவுன்டபிள்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணீரையும் மணலையும் எண்ண முடியாது, சரி. நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் கண்ணெதிரே கிடக்கும்போது ஃபர்னிச்சரை எண்ண முடியாது என்றால் எப்படி? இதற்கு விதி ஏதும் உண்டா, மனப்பாடம்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

பொருளை எண்ண முடியுமா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். ஆங்கிலம் பார்ப்பது சொல்லை. இந்த வழக்கம் தமிழிலும் உண்டு. பணத்தைத் தாள் தாளாக எண்ணத்தான் செய்கிறோம். ஆனாலும் "எவ்வளவு பணம்" என்றுதான் கேட்போம்; "எத்தனை பணம்" என்று கேட்டால் காது சுளிக்கும். நாணயம் என்றால் "எத்தனை" வந்துவிடும். மனியும் காயினும் எப்படியோ, அப்படித்தான் ஃபர்னிச்சரும் 'சேர்' என்ற நாற்காலியும். ஒன்று தொகுதியின் பெயர், மற்றது உருப்படியின் பெயர்.

இந்த எத்தனை–எவ்வளவு சோதனை ஆங்கிலத்தில் பாதி தூரம்தான் வரும். தண்ணீர், மணல், பணம் எல்லாம் இரு மொழியிலும் ஒத்துப்போகும். காலை வாருபவை தமிழில் 'எத்தனை'யை ஏற்கும் சொற்கள்: தகவல், அறிவுரை, கருவி, செய்தி, சான்று, ஆய்வு, மென்பொருள். இவற்றுக்குக் 'கள்' போட்டுப் பழகிய கை ஆங்கிலத்தில் எஸ் போட்டுவிடுகிறது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், நியூஸ், எவிடென்ஸ், ரிசர்ச், சாஃப்ட்வேர் ஆகிய ஏழோடு ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், ஃபீட்பேக், டிராஃபிக் சேர்த்துப் பன்னிரண்டு. மனப்பாடம் வேண்டுமென்றால் இவற்றிலிருந்து தொடங்குங்கள். நியூஸின் கடைசி எஸ் பன்மை அல்ல; "தி நியூஸ் இஸ் குட்" என்பதே சரி.

இனி உங்கள் வாக்கியம். மேலதிகாரி வட்டமிட்டது இரண்டு இடம். மாற வேண்டியது ஐந்து. இரண்டு எஸ்ஸும் போக, 'மெனி' நிற்காது. 'மச் இன்ஃபர்மேஷன்' இலக்கணப்படி சரிதான், ஆனால் மச் பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் இயல்பாக உட்காரும். இங்கே 'எ லாட் ஆஃப்' நல்லது. 'வேர்' என்பது 'வாஸ்' ஆகும். 'தெம்' என்பது 'இட்' ஆகும். பலர் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில். எஸ்ஸை எடுத்துவிட்ட நிம்மதியில், அடுத்த வாக்கியத்தில் 'தே', 'தெம்' என்று எழுதிவிடுவார்கள். ஆக: "எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன் அபௌட் தி எக்விப்மென்ட் வாஸ் சென்ட். ப்ளீஸ் செக் இட்."

எஸ் இல்லாமலும் பிழை வரும். 'ஆன் அட்வைஸ்', 'எவ்ரி இன்ஃபர்மேஷன்', 'தீஸ் ஃபர்னிச்சர்' மூன்றும் தவறு. 'சம் அட்வைஸ்', 'ஆல் தி இன்ஃபர்மேஷன்', 'திஸ் ஃபர்னிச்சர்' என்று எழுத வேண்டும்.

எண்ணிச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'பீஸ் ஆஃப்' இருக்கிறது: 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. பன்மை பீஸுக்குப் போகும், ஃபர்னிச்சர் அப்படியே நிற்கும். இது எல்லாவற்றுக்கும் ஒட்டாது. 'பீஸ் ஆஃப் டிராஃபிக்' என்று எவரும் சொல்வதில்லை. பக்கத்துக்கு நாலு பீஸ் வந்தால் படிக்கவும் சகிக்காது. சொல்லையே மாற்றிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அட்வைஸுக்கு சஜஷன், இன்ஃபர்மேஷனுக்கு டீடெய்ல், எக்விப்மென்டுக்கு மெஷின் அல்லது டூல், லக்கேஜுக்கு பேக், ரிசர்ச்சுக்கு ஸ்டடி, டிராஃபிக்குக்கு வெஹிக்கிள். இவை எல்லாம் தாராளமாக எஸ் ஏற்கும்.

இரண்டு பக்கமும் நிற்கும் சொற்களும் உண்டு. வேலை என்ற பொருளில் 'வொர்க்' எஸ் ஏற்காது. 'வொர்க்ஸ்' என்றால் படைப்புகள். "ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ் டுடே" என்று விடுப்புக் கடிதம் எழுதுபவர் தம்மை அறியாமல் எழுத்தாளராகிவிடுகிறார். தலைமுடி மொத்தமும் 'ஹேர்', தட்டில் கிடக்கும் ஓர் இழை 'எ ஹேர்'. எழுதும் தாள் 'பேப்பர்', ஒற்றைத் தாள் 'எ ஷீட் ஆஃப் பேப்பர்'. 'எ பேப்பர்' என்றால் நாளிதழோ ஆய்வுக் கட்டுரையோ வினாத்தாளோ. நாலெட்ஜ் இன்னும் வினோதம்: எஸ் ஏற்காது, ஆனால் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்' சரி. அதைப் பார்த்து 'எ குட் அட்வைஸ்' என்று எழுதிவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வெளியிடும் அகராதிகளைப் பாருங்கள். எண்ணத்தக்கதற்கு சி, எண்ணத்தகாததற்கு யு என்று குறித்திருப்பார்கள். சொல்லுக்கு நேரே முதலில் தெரியும் எழுத்தோடு நின்றுவிடாமல், உங்களுக்கு வேண்டிய பொருள் எத்தனையாவது எண்ணில் இருக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். பேப்பருக்கு முதல் பொருளில் யு இருக்கும், கீழே இறங்கினால் சி வரும்.