கடதாசி மணிகளும் பழைய ஏடுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், எழுதி முடித்த கொப்பிகளிலிருந்தும் பயன்பாடு முடிந்த நூல்களிலிருந்தும் கழுத்து மாலைக்கு மணி உருட்டும் முறையை விளக்கியிருந்தோம். தாளை நீண்ட முக்கோணக் கீற்றாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து தொடங்கி ஈர்க்கின் மீது இறுக்கமாகச் சுருட்டி, நுனியை ஒட்டி, உலர்ந்த பின் வார்னிஷ் பூசுவதே அதன் சுருக்கம். செய்து பார்த்த வாசகர்களின் கடிதங்களில் பலருக்கும் பொதுவாக அமைந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் எழுதுகிறோம்.

கேள்வி: பழைய நாவல் ஒன்றின் தாளை வெட்டிச் சுருட்டினேன். மணிகள் இறுக்கமாக வரவில்லை. ஓரங்கள் சிலும்பி நிற்கின்றன. எழுத்துகள் அழகாகத் தெரியும் என்று எண்ணியிருந்தேன், வெறும் கறுப்புப் புள்ளிகளே தெரிகின்றன. (அட்டன் வாசகி)

பதில்: துணியைப் போலவே கடதாசிக்கும் இழையோட்டம் உண்டு. ஆலையில் கூழ் கம்பி வலையின் மீது ஓடும்போது, அதிலுள்ள நார்களில் பெரும்பகுதி ஓடும் திசையிலேயே படிந்து உலர்ந்துவிடுகிறது. அந்த நார்கள் ஈர்க்கிற்கு இணையாகக் கிடந்தால் தாள் எளிதாகச் சுருளும். குறுக்கே கிடந்தால் ஒவ்வொரு நாரையும் வளைக்க வேண்டியிருப்பதால் தாள் எதிர்த்து நிற்கும், ஓரமும் சிலும்பும். தாளில் சிறிய சதுரமொன்றை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது சற்று நேரத்தில் குழாயாக வளையும். அந்தக் குழாயின் நீளவாக்கே இழையின் திசை. ஒழுங்காகக் கட்டப்பட்ட நூல்களில் இழை பெரும்பாலும் நூலின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடும். எனவே கீற்றின் நீளம் அச்சு வரிகளின் போக்கிலேயே, இடமிருந்து வலமாக அமைய வேண்டும். நீளம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நீங்கள் மேலிருந்து கீழாக வெட்டியிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது.

நாவல் தாளின் அகலம் ஒரு கீற்றுக்குப் போதாது என்பது உண்மைதான். இரண்டு கீற்றுகளை ஒட்டி நீட்டிக்கொள்ளலாம். நடுவில் தைத்த பயிற்சிக் கொப்பியில் அந்தச் சிரமமும் இல்லை. தாளைக் கழற்றி விரித்தால் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளக் கீற்று ஒரே தாளில் கிடைத்துவிடும். அந்த நீளமும் 2 சென்ரிமீற்றர் அடியும் கொண்ட கீற்றைச் சுருட்டினால் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் பருமனுள்ள மணி வரும். அதைவிட இரு மடங்கு பருமன் வேண்டுமென்றால் கீற்றின் நீளத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய மணிகள் ஏன் இவ்வளவு தாளை விழுங்குகின்றன என்று பலர் கேட்டிருந்தனர்.

எழுத்து தெரியாமைக்குக் காரணம் வேறு. சுருட்டி முடித்த மணியில் வெளியே தெரிவது முக்கோணத்தின் இரண்டு சரிந்த ஓரங்களும் கடைசி நுனியும் மாத்திரமே; மற்றவை அனைத்தும் உள்ளே மறைந்துவிடுகின்றன. ஆகவே கீற்றை வெட்டும் முன், தெரிய வேண்டிய சொல் எதுவென்று முடிவு செய்து, அது நுனியின் கடைசி இரண்டு சென்ரிமீற்றருக்குள் விழுமாறு அடிமட்டத்தை வையுங்கள். நுனியைக் கூராக்காமல், ஒரு வரியின் உயரத்துக்கு அகலம் விட்டு வெட்டினால், அந்தச் சொல் மணியின் நடுவில் முழுமையாக நிற்கும்.

கேள்வி: ஜூன் மாதத்தில் செய்த மாலையில் ஒரே மாதத்திற்குள் பூஞ்சணம் பூத்துவிட்டது. வார்னிஷ் மூன்று தடவை பூசியிருந்தேன். கடையில் வாங்கிய வார்னிஷ் தரமற்றதா? (மஸ்கெலியா வாசகி)

பதில்: வார்னிஷைக் குறை சொல்வதற்கு முன் மணியின் உள்ளே கவனிக்க வேண்டும். நீங்கள் சுருட்டும்போது தடவிய பசையின் ஈரம், பல சுற்றுகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கிறது. அது மணியின் இரு முனைகள் வழியாகவும் துளை வழியாகவும் மெதுவாகவே வெளியேறும். மேற்பரப்பு காய்ந்ததைப் பார்த்து அதற்குள் வார்னிஷ் பூசிவிட்டால், ஈரத்தை நாமே உள்ளே வைத்து மூடியவர்களாகிறோம். அதன் பின் எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை.

மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் கினிகத்தேனையிலும் மழையும் மூடுபனியும் விடாமல் இருக்கும்போது, மலைக்கு மறுபக்கத்தில் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கச்சான் காற்று வறட்சியாக வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை தனி மணம் தருகிற அதே காற்று, அங்கு மணி செய்பவர்களுக்குப் பெரிய உதவியாக அமைகிறது. உங்கள் பக்கத்தில் அத்தகைய உலர்ந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரையே. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மணிகளை அந்த மாதங்களில் உருட்டி வார்னிஷ் பூசி வைத்துக்கொண்டு, மழைக்காலத்தைக் கோக்கும் வேலைக்கு ஒதுக்குவதே எமது முதல் ஆலோசனை.

மழைக்காலத்திலும் செய்தே ஆக வேண்டுமானால், பசையைக் குறையுங்கள். கீற்றின் முதல் சுற்று ஈர்க்கில் ஒட்டிக்கொள்ளாதபடி சிறிது விட்டு, பிறகு மெல்லிய தூரிகையால் ஒரு தடவல் போதும். கோதுமை மாவைக் காய்ச்சிய பசை வேண்டாம். பூஞ்சணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அது உணவாகிறது. அதில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது நஞ்சு, உடலோடு ஒட்டிக் கிடக்கும் நகையில் அதைச் சேர்க்கவே கூடாது. பைண்டர் கம் என்று கேட்டு வாங்கும் வெள்ளைப் பசை போதுமானது.

உருட்டிய மணிகளை அடுப்படியில் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விறகுப் புகை தாளை மஞ்சளாக்கும். அந்த வாடையும் போகாது. கடதாசிப் பெட்டியொன்றின் மேற்பக்கத்தில் துளைகளிட்டு, உள்ளே சூடு தரும் பழைய வகை 40 வாட் மின்குமிழ் ஒன்றைத் தாளில் படாமல் பொருத்தி, மணிகளைக் கம்பியில் கோத்து அதற்குள் தொங்கவிடுங்கள். நீங்கள் அருகில் இருக்கும் நேரத்தில் மட்டும் குமிழை எரியவிட வேண்டும். வார்னிஷ் பூசிய மணிகளை அந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, தீப்பற்றும். உலர்ந்ததா என்று அறிய ஒரு மணியை மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தராசு வைத்திருப்பவர்கள், ஒரு பிடி மணிகளைக் காலையிலும் மாலையிலும் நிறுத்து, எடை குறைவது நின்ற பிறகே வார்னிஷை எடுக்கலாம்.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தூரிகையால் வெளிப்புறத்தைப் பூசும்போது நூல் செல்லும் துளைக்குள் வார்னிஷ் போவதில்லை. கழுத்து வியர்வை நூலில் ஊறி, அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது. மணியை மெல்லிய கம்பியில் தளர்வாகக் கோத்து வார்னிஷில் முக்கி எடுத்து, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒன்றோடொன்று தொடாதபடி தொங்கவிடுங்கள். ஒரு தடித்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சுகள் நீடிக்கும்.

கேள்வி: மாத்தளைப் பகுதியின் அரக்கு வேலை புகழ்பெற்றது. கடதாசி மணிக்கும் அரக்கு பூசலாமா? (மாத்தளை வாசகர்)

பதில்: ஹப்புவிட கிராமத்துக் கலைஞர்கள் சூட்டில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, விரல் நகத்தால் கிள்ளி மரப்பொருளில் பதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த வேலை சூட்டைத் தாங்கும் மரத்துக்கு உரியது. கடதாசி மணியைச் சூடாக்கினால் வெள்ளைப் பசை இளகிச் சுருள் அவிழ்ந்துவிடும். மதுசாரத்தில் (ஸ்பிரிட்) கரைத்த அரக்கு மெருகு கடைகளில் கிடைக்கிறது, பளபளப்பும் நன்றாக இருக்கும். எனினும் ஈரம் பட்டால் அது வெண்மையாகப் பூத்துவிடுவதால் மலைநாட்டுக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. போல்பொயின்ற் பேனையால் எழுதிய கொப்பித் தாளாக இருந்தால் அந்த மதுசாரம் மையையும் கரைத்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷே உங்களுக்கு உகந்தது.

கேள்வி: தேயிலைச் சாயத்தில் தாளை நனைத்தால் பழைய ஏட்டின் நிறம் வருமா? (நுவரெலியா வாசகி)

பதில்: வரும். டஸ்ட் தேயிலையைக் கடுஞ்சாயமாக ஊறவைத்து, வடித்து, ஆறிய பின் தாளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, சமதளத்தில் உலரவிட்டு, அதன் பிறகே கீற்றாக வெட்டுங்கள். துருப்பிடித்த ஆணி ஊறிய வினாகிரியைச் சேர்த்தால் அழகிய கருஞ்சாம்பல் நிறம் கிடைக்கும்; ஆனால் இரும்பும் தேயிலையின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த அந்தக் கலவை காலப்போக்கில் தாளை அரித்துவிடும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில், எழுத்து இருந்த இடம் ஓட்டையானதற்கு இத்தகைய மையே காரணம்.

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டி நிறைய மஞ்சளேறிய புத்தகங்களும் கடதாசிகளும் இருக்கின்றன. நாம் யாரும் வாசிப்பதில்லை. நகை செய்ய எடுக்கலாமா? புத்தகத்தை வெட்டுவது பாவம் என்கிறார் அம்மா. (பண்டாரவளை வாசகி)

பதில்: உங்கள் அம்மா சொல்வதைச் செவிமடுங்கள். கால் பட்ட புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த எமக்கு அந்தத் தயக்கம் நல்ல தயக்கம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் வரை கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

முதலில் நூலல்லாத கடதாசிகளைப் பிரியுங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்ட பிறகு, எம் குடும்பங்களில் ஒரு துண்டுக் கடதாசிக்கு இருந்த பெறுமதியை வேறு யாருக்கும் விளக்குவது கடினம். பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, பழைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, சம்பளத் துண்டு, இந்தியாவுக்குப் போன உறவினரின் கடிதம் ஆகிய எதுவாயினும் அதை மணியாக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். அது உங்கள் குடும்பத்தின் வரலாறு மட்டுமன்று. ஒரு சமூகத்தின் சான்றும் ஆகும்.

அடுத்து அச்சு நூல்கள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவரது மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளருக்காக வெளியிட்டவை போன்ற சிறு பிரசுரங்கள், தொழிற்சங்க வெளியீடுகள், பாடசாலை மலர்கள், நின்றுபோன சஞ்சிகைகள் ஆகியன மிகக் குறைந்த பிரதிகளே அச்சாகி, அவற்றிலும் பெரும்பகுதி மழையிலும் கறையானிலும் அழிந்துபோனவை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஏடுகளை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் உங்கள் கையிலிருப்பது உள்ளதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கு அறிவியுங்கள். சமய நூல்கள் எம்மதத்தினுடையவையாயினும் விலக்கி வையுங்கள். அரசு 1980 முதல் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்களில் நல்ல நிலையில் உள்ளவை அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டியவை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் இன்னும் மறக்கவில்லை.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவதும் ஏராளம்: எழுதி முடித்த கொப்பிகள், பழைய நாட்குறிப்புகள், கலண்டர்கள், தொலைபேசி விபரக்கொத்து, பாதிப் பக்கங்கள் கறையானுக்குப் போன, வேறிடங்களில் தாராளமாகக் கிடைக்கும் நாவல்கள். தாத்தா அடிக்கோடிட்டு வாசித்த பக்கம் ஒன்று உங்கள் கழுத்தில் இருக்க வேண்டுமென்று மனம் விரும்பினால், அதை லேசர் இயந்திரத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வெட்டுங்கள். லேசர் பிரதியின் கறுப்பு நீரில் கரையாது. மூலத்தாள் மஞ்சளேறி நொறுங்கும் நிலையில் இருந்தால் அது சுருட்டும்போது எப்படியும் வெடிக்கும். ஆகவே கைவேலைக்கும் பிரதியே நல்லது.

கேள்வி: புத்தகத் தாளில் செய்த ஜிமிக்கியின் குடை வடிவம் தொய்ந்துவிடுகிறது. அணிந்த தங்கைக்குக் காதும் அரிக்கிறது. (தலவாக்கலை வாசகி)

பதில்: நூல் தாள் மெல்லியது. இரண்டு தாள்களை மெல்லிய பசையால் ஒன்றாக ஒட்டி, பாரம் வைத்து உலர்த்திய பின் 5 மில்லிமீற்றர் கீற்றுகளாக வெட்டுங்கள். தட்டையாகச் சுற்றிய சுருளைப் போத்தல் மூடி போன்ற ஒன்றின் மேல் மெதுவாக அழுத்திக் குடையாக்கி, உட்புறம் முழுவதும் பசையை இரு முறை பூசினால் தொய்யாது. அரிப்புக்குக் காரணம் கடதாசி அன்று. மலிவான கொக்கிகளில் சேர்ந்திருக்கும் நிக்கல் பலருக்கு ஒவ்வாது. வெள்ளிக் கொக்கியோ சத்திரசிகிச்சைத் தர உருக்குக் கொக்கியோ மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? கடதாசிதானே என்று விலை பேசுகிறார்கள். (இராகலை வாசகி)

பதில்: முடியும். உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில், வடக்கில் நடந்த போரினால் இடம்பெயர்ந்த அச்சோலி இனப் பெண்கள் கல்லுடைத்துப் பிழைத்த இடத்திலேயே கடதாசி மணி உருட்டி, வெளிநாட்டுச் சந்தை வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு மாலையின் மணிகளெல்லாம் ஒரே அளவில் இருக்கும்படி அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுவே.

விலையை மூலப்பொருளிலிருந்து கணக்கிடாதீர்கள். ஒரு மாலைக்குச் சென்ற மணித்தியாலங்களை எழுதி, அவற்றுக்குத் தோட்டத்து நாட்சம்பளத்தின் வீதத்திலாவது கூலி போட்டு, வார்னிஷ், நூல், கொக்கி ஆகியவற்றின் செலவைச் சேர்த்து, அதற்கு மேல் இலாபம் வையுங்கள். அதற்குக் கீழே கேட்பவருக்கு விற்க வேண்டியதில்லை. தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொண்டால் கண்காட்சிகளில் பங்குபற்றும் வாய்ப்பும் கிடைக்கும். ஒவ்வொரு மாலையோடும் சிறு குறிப்பொன்றை இணையுங்கள்: மணி எந்தத் தாளில் செய்யப்பட்டது, குளிக்கும்போது கழற்ற வேண்டும், மழைக்காலத்தில் மூடியுள்ள போத்தலில் வைக்க வேண்டும் என்பன அதில் இருக்கட்டும்.