பிறந்த ஊரும் வந்த ஊரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நகரத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இங்கேயே பிறந்தவர்கள் வழி சொன்னால் பாதி புரிவதில்லை. அவர்களுக்குத் திசையறிவு இயல்பிலேயே அதிகமோ?

பதில்: இல்லை. 38 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4 லட்சம் பேர் கைப்பேசி விளையாட்டு ஒன்றில் வழி கண்டுபிடித்த விதத்தை அளந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சராசரியில் முந்தியவர்கள் நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள்தான். தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக ஓடும் நகரங்களில் வளர்ந்தவர்கள் இன்னும் பின்தங்கினார்கள்.

சிக்கல் வழி சொல்லும் விதத்தில் இருக்கிறது. பழகியவருக்குத் தெருப்பெயர் தேவைப்படுவதில்லை. "பழைய தியேட்டர்கிட்ட திரும்புங்க" என்பார். தியேட்டரை இடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். கடைசித் திருப்பத்துக்கு முன் இப்போது கண்ணில் படுவது என்ன? அது எந்தக் கைப்பக்கம்? இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் எதைப் பார்ப்பேன்? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் கேட்க மறக்கிறோம். அலைச்சலை மிச்சப்படுத்துவதும் அதுதான்.

கேள்வி: எங்கள் ஐந்து வயது மகளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வருமா?

பதில்: வரும். இந்த வயதில் பிள்ளைகள் கூட விளையாடுபவர்களைப் போலவே பேசப் பழகிவிடுவார்கள். பதின்வயதைத் தாண்டி வருபவர்களுக்குச் சொற்கள் வந்துவிடும், ஓசை முழுதாக வருவது அரிது. ஒரே ஒரு நுணுக்கம்: அமெரிக்காவின் பிலடெல்பியா வட்டாரத்தில் மொழியியலாளர் ஆர்விலா பெய்ன் செய்து 1980-இல் வெளியான ஆய்வில், குடிவந்த பிள்ளைகள் எளிய ஒலிகளைச் சுலபமாகப் பிடித்தார்கள். ஆனால் ஓர் உயிரொலியை எந்தச் சொல்லில் எப்படி ஒலிப்பது என்ற சிக்கலான வழக்கம், பெற்றோரும் அங்கேயே பிறந்திருந்தால்தான் முழுதாக வாய்த்தது. அதற்காக வீட்டில் நீங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வேலை காலியாவது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் எப்படி முன்பே தெரிகிறது?

பதில்: கூடப் படித்தவர், பழைய பக்கத்து வீட்டுக்காரர், அண்ணனின் நண்பர் என்று அரைகுறைப் பழக்கங்கள் அவர்களுக்கு ஏராளம். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் விசாரித்து 1973-இல் எழுதினார்: 100-க்குச் சுமார் 17 பேருக்குத்தான் அது அடிக்கடி சந்திப்பவர் மூலம் கிடைத்தது. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவதோ அரிதாகவோ பார்ப்பவர். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததே.

புதிதாக வந்தவர் சொந்த ஊர்க்காரர்களோடு அறையெடுத்து, அவர்களோடே வேலைக்குப் போய், அவர்களோடே விடுமுறையையும் கழிக்கிறார். ஆபத்துக்கு ஓடிவருபவர்கள் அவர்கள்தான், அந்த உறவை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரே செய்தி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே நூலகத்துக்கோ மைதானத்துக்கோ போய்வாருங்கள். நேரம் மாறினால் முகங்களும் மாறிவிடும், பழக்கம் ஒட்டாது. ஓரளவு பழகியபின் "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். "உங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது யாரு? எந்த மாசம் எடுப்பாங்க?" என்று கேளுங்கள்.